புள்ளியில்லாத வெற்றிலை

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்லப்போவதில்லை. லேபில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று குரலிலேயே தெரிந்தது. லேப் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என் எண்ணை இன்னும் யாரும் நீக்கவில்லை போலிருக்கிறது.

"அக்கா, நான் புது பிராஜெக்ட் அசிஸ்டெண்ட் பேசறேங்க. மொட்டை மாடியில பெயிண்ட் வாளியில ஒரு வெத்தலைக் கொடி இருக்குல்லங்க, கன்ட்ரோலுக்குன்னு ஒப்பிட்டுப் பாக்க இலை பறிப்போமே, அதுல புள்ளி புள்ளியா விழுந்திருக்கு. மருந்து அடிக்கலாங்களா? சார் ஊர்ல இல்ல. இங்க யாரைக் கேட்டாலும் உங்களைக் கேக்கச் சொல்றாங்க."

அடிக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். கையில் வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்தப் பிறகுதான் இது.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. நான் அந்த லேபில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தவள். இப்போது ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் மிளகாய்த்தூளையும் பாலையும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறேன். ஆராய்ச்சியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். ஓய்வுபெறுகிற வயதைப் பாரு என்று அம்மா முறைப்பாள்.

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்குப் பேச வராது. எனவே இதில் சொல்லப்போகாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: இலையை உலர்த்துவது, சாறு இறக்குவது, தட்டு ஊற்றுவது, அளவெடுப்பது. இவையெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. அந்த வாளியை மாடிக்குத் தூக்கி வந்தவர் யார், அதற்காக அவர் எதைக் கொடுத்தார் என்பது கையேட்டில் இல்லை.

அவர் பெயர் ஷமீமா. என்னைவிடச் சில வயது மூத்தவர், அதனால் எனக்கு அக்கா. பாலக்கரைப் பக்கம் வீடு. கணவர் துபாயில் வேலை பார்த்தார். முனைவர் பட்டத்துக்குப் பதிந்து, நடுவில் பெண் பிறந்து, கால நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வாங்கி, கடைசி நீட்டிப்பில் வந்து நின்றிருந்தார். இனிக் கிடையாது என்று சொல்லித்தான் அதைக் கொடுத்திருந்தார்கள். ஒரு மகளிர் கல்லூரியில் அவருக்கு வேலை காத்திருந்தது. பட்டத்தோடு போனால் வேலை. இல்லாவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள்.

"முடிச்சா டாக்டர் ஷமீமா. முடிக்கலேன்னா ஆயிஷாவோட அம்மா. ரெண்டும் நல்ல பேருதான், ஆனா ஒண்ணுக்குத்தான் சம்பளம்," என்பார்.

அவருடைய ஆய்வு, வெற்றிலையின் நீர்ச்சாறு மண்ணில் உள்ள பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்துமா என்பது. தக்காளியும் கத்தரியும் நன்றாக நிற்கும்போதே வாடிச் சாய்வதற்கு மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் காரணம். வேப்பிலை, நொச்சி, ஆடாதோடை என்று எங்கள் லேபில் ஆளுக்கு ஓர் இலை வைத்திருந்தோம். ஷமீமா அக்காவுக்கு வெற்றிலை. விவசாயி வீட்டிலேயே இலையை ஊறவைத்து வேரில் ஊற்றிவிடலாம் என்பதுதான் எண்ணம். அதனால்தான் ஆல்கஹாலைவிடத் தண்ணீரில் இறக்கிய சாறு முக்கியமாக இருந்தது.

சோதனை எளிது. பாக்டீரியா பரப்பிய தட்டில், சாறு ஊறிய சின்னக் காகித வட்டை வைப்போம். சாற்றுக்குக் கொல்லும் திறன் இருந்தால் வட்டைச் சுற்றி எதுவும் வளராத தெளிந்த வளையம் விழும். வளையம் பெரிதானால் மகிழ்ச்சி. எங்கள் தொழிலின் மகிழ்ச்சியே அந்தச் சின்ன வெற்றிடம்தான்.

மண்ணை மூன்று இடங்களிலிருந்து எடுத்தார். வையம்பட்டியில் ஒரு தக்காளிக் காடு, மருங்காபுரிப் பக்கம் ஒரு மானாவாரி நிலம், ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே ஆற்றோரத்தில் ஒரு கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம். இலையும் அதே கொடிக்காலில்தான் வாங்கினார்.

இலை வாங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷமீமா அக்கா தெருவில் யார் வீட்டில் நிச்சயம் என்றாலும் தட்டில் வைக்கிற வெற்றிலையைப் பொறுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓட்டை இருக்கக் கூடாது, நுனி முறிந்திருக்கக் கூடாது, ஊசி முனை அளவுப் புள்ளிகூட இருக்கக் கூடாது. ஒரு கவுளி வெற்றிலைக் கட்டைக் கையில் எடுத்தால் சீட்டைப் பிரிப்பதுபோல விரித்து, ஆகாததை வீசிக்கொண்டே போவார். எங்கள் கையேட்டிலும் இதையேதான் வேறு சொற்களில் எழுதியிருந்தது: நோயற்ற, முழுமையான இலைகளைத் தேர்ந்தெடுக்கவும். உலகத்தில் எந்த லேபின் கையேட்டிலும் அப்படித்தான் இருக்கும். கல்யாணத் தட்டும் ஆராய்ச்சித் தட்டும் ஒரே இலையைக் கேட்டன. அதைக் கொண்டுவருவதில் அவரைப்போல இன்னொருவர் கிடையாது.

இனி சார், லேபின் தலைவர், ஷமீமா அக்காவின் வழிகாட்டி. பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். அவரைப் பற்றிக் கெட்டது மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக்கொடுத்தது. நான் சேர்ந்த புதிதில் ஒரு தட்டில் பெரிய வளையம் வந்துவிட்டதென்று ஓடிப்போய்க் காட்டினேன். அவர் தட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"பிடிச்ச ரிசல்ட் வந்தா அன்னைக்கு ரெண்டு மடங்கு சந்தேகப்படணும்மா. பிடிக்காத ரிசல்ட்டை நீயாவே சந்தேகப்படுவ. அதுக்கு நான் எதுக்கு?"

இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் சொன்னதில்லை. சொன்னவரே அதை எப்படி மறந்தார் என்பதுதான் மீதிக் கதை.

வையம்பட்டி மண்ணின் பாக்டீரியாவிலும் மருங்காபுரி மண்ணின் பாக்டீரியாவிலும் வெற்றிலைச் சாற்றுக்குப் பெரிய வளையம் விழுந்தது. அதிலும் ஆல்கஹால் சாற்றைவிட நீர்ச்சாறு நன்றாக வேலை செய்தது. இது தலைகீழ். வெற்றிலையின் காரமும் மணமும் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது, ஆல்கஹாலில்தான் இறங்கும். அன்றைக்கே நாங்கள் நின்றிருக்க வேண்டிய இடம் அது. ஆனால் சார் சந்தோஷத்தில் இருந்தார். "தண்ணியே போதும்னு செடியே சொல்லுது. நாம என்ன வேண்டாம்னா சொல்லப் போறோம்?"

பிறகு கொடிக்கால் மண். அங்கிருந்து பிரித்த பாக்டீரியாவில் வளையம் என்று சொல்ல ஒன்றுமில்லை, மயிரிழைக் கோடு மட்டும். சாறு வட்டை ஏறத்தாழ ஒட்டியே பாக்டீரியா வளர்ந்து நின்றது. மறுபடி செய்தார். மறுபடியும் அதேதான்.

சார் அந்தத் தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"புரியலையா? காலங்காலமா அந்த மண்ணுல வெத்தலை உதிர்ந்து மக்குது. அங்க இருக்கிற பாக்டீரியாவுக்கு வெத்தலை பழகிப்போச்சு. எதிர்ப்பு வந்துடுச்சு. ஷமீமா, இது உங்க தீசிஸ்ல கடைசி அத்தியாயம் இல்ல. இதுதான் தீசிஸ்."

அன்று எல்லோருக்கும் அவர் செலவில் காபி. விளக்கம் அவ்வளவு அழகாக இருந்தது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. இலைக்கும் மண்ணுக்கும் இடையில் நடக்கும் ஒரு நெடுங்காலப் பகையை நம் தட்டில் பார்க்கிறோம் என்றால் யாருக்குத்தான் சிலிர்க்காது.

ஷமீமா அக்கா காபியைக் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். மாலையில் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது கேட்டார்.

"மைதிலி, உங்க வீட்டுக் கொல்லையில வெத்தலைக் கொடி இருக்குன்னு சொன்னேல்ல?"

"இருக்குக்கா. கிணத்தடியில. அப்பா தினமும் சாப்டுட்டு ரெண்டு இலை போடுவார்."

"நாளைக்குக் கொஞ்சம் பறிச்சிட்டு வா."

"எதுக்குக்கா? நம்மகிட்டதான் கட்டுக் கட்டா இருக்கே."

"சார் சொல்றது சரின்னா, எந்த வீட்டு வெத்தலையும் இதே வேலையைச் செய்யணும். செஞ்சிட்டா நான் நிம்மதியா எழுதுவேன்." கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு இந்த ரிசல்ட் ரொம்பப் பிடிச்சிருக்குடி. அதான் பயமா இருக்கு."

மறுநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் டிபன் டப்பா நிறைய வெற்றிலையோடு போனேன். எங்கள் வீட்டுக் கொடிக்கு யாரும் ஒன்றும் செய்வதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும், அவ்வளவுதான். இலைகள் சிறியவை, ஓரம் கருகியவை, பாதிக்கு மேல் புள்ளி. ஷமீமா அக்கா டப்பாவைத் திறந்து மூக்கைச் சுளித்தார்.

"இதைக் கொண்டுபோய்த் தட்டுல வெச்சா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க."

"அக்கா, இது கல்யாணம் இல்ல, கன்ட்ரோல்."

"கை வரமாட்டேங்குதுடி," என்றார். உண்மையாகவே வரவில்லை. புள்ளி விழுந்த இலையைப் பார்த்ததும் அவர் விரல் தானாக ஒதுக்கியது. ஒதுக்கியதையெல்லாம் நான் திரும்ப எடுத்துப் போட்டேன்.

வீட்டு வெற்றிலைக்கும் மயிரிழை வளையம்தான் விழுந்தது. வெற்றிலைக்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மயிரிழை வளையம் மூன்று மண்ணிலும் ஒரே மாதிரி விழுந்தது. வையம்பட்டி, மருங்காபுரி, கொடிக்கால், எதிலும் வித்தியாசம் இல்லை. கொடிக்கால் பாக்டீரியாவுக்கு வெற்றிலை பழகியிருக்கவில்லை. வேறு எதுவோ பழகியிருந்தது.

ஷமீமா அக்கா அலமாரியில் இருந்த ஆன்டிபயாடிக் வட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூன்று மண்ணின் பாக்டீரியாவிலும் வைத்துப் பார்த்தார். ஸ்ட்ரெப்டோமைசினில் வந்து நின்றது. மற்ற இரண்டு மண்ணிலும் பெரிய வளையம், கொடிக்கால் மண்ணில் ஒன்றுமில்லை. கொடிக்கால் வெற்றிலையின் தட்டும் ஸ்ட்ரெப்டோமைசின் தட்டும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆல்கஹாலில் கரையாது என்பதும் அப்போதுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

இரண்டு பேரும் தட்டுகளை மூடி வைத்தோம்.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் கையில் ஒரு விளக்கம் மிக அழகாக வந்து விழுந்தால், அதை உடைக்கக்கூடிய மிக மலிவான சோதனை எது என்று கேளுங்கள். விலையுயர்ந்த கருவியைத் தேடிப் போகாதீர்கள். எங்களுக்கு அது ஒரு டிபன் டப்பாவாக இருந்தது.

அந்த வாரமே கொடிக்காலுக்குப் போனோம். உள்ளே நடக்கும்போது நிழலும் ஈரமுமாக, மார்கழிக் காலை மாதிரி இருந்தது. கொடிக்கால்காரர் ஷமீமா அக்காவைப் பார்த்ததும் கவுளி கட்ட ஆரம்பித்தார்.

"இலை வேணாங்கய்யா. ஒண்ணு கேக்கணும். இதுக்கு மருந்து ஏதாவது அடிக்கிறீங்களா?"

"அடிக்காம? மழை ஈரத்துல புள்ளி விழுந்துச்சுன்னா ஒரு இலை விக்காதும்மா."

"என்ன மருந்து?"

"என்னமோ வெள்ளப் பொடி. கடையில குடுப்பாங்க. தண்ணியில கலக்கி அடிக்கிறது." வரப்பில் கிடந்த காலி உறையைக் காலால் தள்ளிக் காட்டினார். செடிகளுக்கென்று விற்கிற ஆன்டிபயாடிக். பெயர் தெளிவாகவே அச்சாகியிருந்தது. அவர் அதைப் படித்ததே இல்லை.

"எங்களுக்குக் குடுத்த இலைக்கும் அடிச்சீங்களா?"

இப்போது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா பேசறீங்க. நீங்கதான ஒரு பொட்டுப் புள்ளி இருக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு வாட்டியும் சண்டை போடுவீங்க. உங்களுக்காகவே அந்தக் கடைசி வரிசைக்கு ஒரு கை சேத்து அடிச்சு வெப்பேன். நல்லது செஞ்சா இப்படி வந்து கேக்கறீங்க."

திரும்பி வரும்போது ஷமீமா அக்கா ஆற்றோரச் சாலையில் நின்று சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, எனக்குக் கவலையாகிவிட்டது.

"நான் அவ்வளவு நல்லாப் பொறுக்கிருக்கேன், பாத்தியா. சுமாரா வேலை பாக்கிற ஒருத்தி வாங்கிருந்தா இந்தக் கஷ்டம் இல்ல."

உண்மைதான். ஏனோதானோவென்று இலை வாங்கியிருந்தால் அதில் புள்ளி விழுந்ததும் ஓட்டை விழுந்ததும் கலந்திருக்கும், மருந்து குறைவாக இருந்திருக்கும், ஏதோ சுமாரான வளையம் வந்திருக்கும், சுமாரான தீசிஸ் ஒன்று முடிந்திருக்கும். மிகச் சரியாக வேலை செய்ததால்தான் மிகத் தவறான விடை கிடைத்தது. உங்களில் கவனமாக வேலை செய்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். ஏனோதானோக்காரர்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

சாரிடம் சொன்னபோது நானும் உடன் இருந்தேன். தட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார் ஷமீமா அக்கா. சார் எல்லாவற்றையும் பார்த்தார். அவருக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு கூர்மையானவர்.

"இந்த வீட்டு வெத்தலையை யாரு கேட்டா?" என்றார் கடைசியில்.

"நான்தான் சார் ஒரு கன்ட்ரோலுக்கு..." என்று இழுத்தார் ஷமீமா அக்கா.

"ஷமீமா, உங்க ரிசல்ட் தப்புன்னு நான் சொல்லல. உங்க கேள்வி இது இல்லைன்னு சொல்றேன். தலைப்பு என்ன? வெத்தலைச் சாறு மண் பாக்டீரியாவைக் கொல்லுமா. தட்டுல கொல்லுது. எழுதுங்க. குடுங்க. பட்டம் வாங்குங்க. அப்புறம் நிதானமா இதைப் பாக்கலாம்."

"கொல்றது வெத்தலை இல்லையே சார்."

"எல்லா ஊர்லயும் சந்தையில வாங்கின இலையிலதான் வேலை நடக்குது. நாம மட்டும் எதுக்கு இதைத் தலையில தூக்கி வெச்சுக்கணும்?"

அவர் எதற்குப் பயந்தார் என்பது எனக்கு அந்த அறையிலேயே தெரிந்தது. அதற்கு முன் அவர் பெயரில் வந்த கட்டுரைகளில் பாதி, கடையில் வாங்கிய இலைகளைப் பற்றியவை. ஷமீமா அக்காவின் தட்டுகள் சரியென்றால் அவை அத்தனையையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். புதிய திட்டத்துக்கு அவர் விண்ணப்பித்திருந்த நேரம் வேறு.

வெளியே வந்ததும் நான் என் வழக்கப்படி ஆரம்பித்தேன். "அக்கா, ரெண்டு பக்கமாப் பிரிச்சு எழுதிப் பாக்கலாம். இப்படிக் குடுத்தா என்ன ஆகும், அப்படிக் குடுத்தா என்ன ஆகும்னு."

"உன் லிஸ்ட்டைத் தூக்கிக் காவேரியில போடு," என்றார். "ஒரு பக்கம் பட்டம், வேலை, அவர் துபாய்ல காத்துக்கிட்டிருக்கிறது, எல்லாம் இருக்கு. இன்னொரு பக்கம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வையம்பட்டியில மண்ணு குடுத்தாரே அந்த அண்ணன், இதைப் படிச்சிட்டு யாராவது சொல்லி, வெத்தலையை ஊறவெச்சுத் தக்காளிக்கு ஊத்துவார். செடி செத்துப்போகும். எதனாலன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

ஆய்வுக் குழுக் கூட்டத்தில் அவர் எல்லாத் தட்டுகளையும் காட்டினார். கொடிக்கால் இலை, வீட்டு இலை, ஆன்டிபயாடிக், மூன்று மண். அந்த இலை யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டார்கள். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்துதான், மருந்து படாத கொடி என்று சொன்னேன். வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர் மிகவும் ரசித்தார். "வெத்தலையைவிட இது பெரிய விஷயமாச்சே. மண்ணுல எதிர்ப்பு உண்டாகியிருக்குன்னா அது எவ்வளவு முக்கியம்," என்றார். ஷமீமா அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அடுத்ததாக அந்த உறுப்பினர் சொன்னது: "ஆனா தலைப்பை மாத்தணுமே. அதுக்கு வழிகாட்டி கையெழுத்துப் போடணும்."

எல்லோரும் சாரைப் பார்த்தார்கள்.

"பார்க்கலாம்," என்றார் சார்.

அந்தச் சொல்லை நான் நன்றாகக் கவனித்திருக்கிறேன். ஷமீமா அக்காவிடம் யாரும் ஒருமுறைகூட முடியாது என்று சொல்லவில்லை. சார் ஊரில் இல்லை, சார் மீட்டிங்கில் இருக்கிறார், அடுத்த வாரம் பார்க்கலாம், கூடுதல் சோதனை வேண்டியிருக்கிறது, பார்க்கலாம். முடியாது என்று சொல்லியிருந்தால் எதிர்த்து மனுக் கொடுத்திருக்கலாம். பார்க்கலாம் என்பதை எதிர்த்து எங்கே மனுக் கொடுப்பது? பழைய தலைப்பில் பழைய முடிவுகளோடு கொடுக்கும் வழி கடைசி நாள்வரை திறந்தே இருந்தது. சார் அதற்குக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ஷமீமா அக்கா அந்த அறைக்குப் போகவில்லை. நீட்டிப்பு முடிந்தது. பதிவு ரத்தானது. கல்லூரி நாற்காலிக்கு வேறு ஆள் வந்தார். என் ஒப்பந்தமும் அந்த ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை. எனக்கு வேறு வேலை கிடைத்தது, அதனால் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வாளி இந்த நடுவில் வந்ததுதான். கூடுதல் சோதனை வேண்டும் என்று சார் சொன்னபோது, தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து இலை சுமக்க வேண்டாம் என்று எங்கள் கொடியில் ஒரு துண்டை வெட்டி, காலியான பெயிண்ட் வாளியில் மண் போட்டு நட்டு, லேப் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்தார் ஷமீமா அக்கா. கூடுதல் சோதனைகளை எல்லாம் செய்தார். எல்லாம் அதையேதான் சொன்னது. போகிற அன்று தன் பொருட்களை ஒரு பையில் அள்ளிக்கொண்டார். வாளி கனமாக இருந்தது, விட்டுவிட்டுப் போனார்.

சில ஆண்டுகள் கழித்து, வேலை நிமித்தமாக ஒரு கருத்தரங்குக்குப் போனேன். மேடையில் சார். பேச்சு, மருந்தடித்த இலைகளில் தங்கும் ஆன்டிபயாடிக் பற்றியும் அதனால் மண் பாக்டீரியாவில் உண்டாகும் எதிர்ப்பு பற்றியும். புதிய திட்டம், புதிய மாணவர்கள். நன்றாகப் பேசினார், எப்போதும் போல. திரையில் தட்டுகளின் படங்கள் வந்தன. ஒரு படத்தில் கொடிக்கால் இலை, பக்கத்தில் வீட்டு இலை.

"சந்தை இலையோட மருந்து படாத வீட்டு இலையையும் வெச்சுத்தான் பாக்கணும். எங்க லேப்ல எப்பவுமே இப்படித்தான் செய்யறோம்," என்றார்.

எப்பவுமே. நான் காபி இடைவேளைக்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கசப்பு. அவர் சொன்ன அறிவியல் முழுக்கச் சரி. அந்த வேலை நடக்க வேண்டிய வேலை. அது நடக்கிறது, நீங்கள் செய்கிறீர்கள், செய்யுங்கள். உங்கள் கையேட்டில் வீட்டு இலை என்ற படி இருக்கிறதே, அதை யாரும் கமிட்டி கூட்டி எழுதவில்லை. ஒருவர் தன் பட்டத்தைக் கொடுத்து அதை அங்கே வைத்தார்.

நேர்மையாக இருந்தால் கடைசியில் நல்லது நடக்கும் என்று புதியவர்களுக்கு எழுதுவது வழக்கம். எனக்கு அப்படி எழுத வரவில்லை. நடக்காமலும் போகலாம். அந்த இடத்தில் நிற்க நேர்ந்தால், பலன் வரும் என்று கணக்குப் போட்டு முடிவெடுக்காதீர்கள். பலன் வராத அன்றைக்கு முடிவையும் சேர்த்து வெறுக்க வேண்டியிருக்கும். ஷமீமா அக்கா கணக்குப் போடவில்லை. அதனால்தான் அவரால் இன்றும் இதைப் பற்றி ஜோக் அடிக்க முடிகிறது. கணக்குப் போட்டவள் நான். என்னால் முடியவில்லை.

அவர் இப்போது தன் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். உங்கள் போன் வந்த அன்று மாலை அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அக்கா, மாடியில உங்க கொடி இன்னும் இருக்காம். புள்ளி விழுந்திருக்காம். மருந்து அடிக்கலாமான்னு ஒரு பொண்ணு கேக்குது."

"அடிக்கச் சொல்லு. சாருக்குப் பழைய ரிசல்ட் திரும்பக் கிடைக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது, யாரையோ அடுப்பைக் குறைக்கச் சொன்னார். போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"புள்ளி எப்படி இருக்காம்?" என்றார். குரல் மாறியிருந்தது. தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசுகிற பழைய குரல். "ஓரத்துலேர்ந்து வருதா, நடுவுலயா? சுத்தி மஞ்சளா இருக்கா?"

"கேக்கலியேக்கா."

"கேளு."

அதனால் கேட்கிறேன். மருந்து அடிக்காதீர்கள். ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளி ஓரத்திலிருந்து வருகிறதா, நடுவிலா, சுற்றி மஞ்சள் இருக்கிறதா என்று எனக்குச் சொல்லுங்கள். நான் அவரிடம் சொல்ல வேண்டும்.